பாசி மருந்தும் பின்வீடும்

அபர்டீன், வாஷிங்டன்
9 ஜனவரி 1996

அன்புள்ள கிளெமென்ட்,

நான் நலம். பாலைவனத்து வெயிலில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்டோபரில் நீ பஸ் ஏறியபோது பெய்துகொண்டிருந்த மழை இன்னும் முடியவில்லை. உன் வண்டி கொட்டகையிலேயே நிற்கிறது. ஓட்டிக்கொண்டு போகாமல் ஏன் பஸ்ஸில் போனாய் என்று அப்போது கேட்க மறந்துவிட்டேன், இப்போது கேட்கிறேன்.

கண் மருத்துவர் ஹால்வர்சன் நேற்று வந்தார். நம் வளாகத்தில் பாதி இடம் அவருடைய மருத்துவமனை என்பதால், நாற்காலி கொடுத்து உட்கார வைத்தேன். நவம்பரில் அவரிடம் கண் காட்ட வந்த மிசஸ் நீமி நடைபாதைப் பாசியில் வழுக்கி விழுந்தாளே, அதைப் பற்றித்தான் பேச வந்திருந்தார். "மார்ச் கடைசில நம்ம ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள புல்லு, நடைபாதைன்னு வெளிவேலை முழுக்க ஒரு கம்பெனிகிட்ட எழுத்துல ஒப்படைச்சீங்கன்னா நான் இங்கயே இருக்கேன். இல்லேன்னா மால் பக்கத்துல வேற இடம் பாத்து வெச்சிருக்கேன்" என்றார்.

பதினெட்டு வருடமாக என் கொழுந்தனார்தான் அதைச் செய்கிறார் என்று நான் சொன்னேன். "தெரியும். அதனாலதான் கேக்கறேன்" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை. இவ்வளவு மரியாதை கெட்ட மனிதரை உன் அண்ணன் லாரன்ஸ், அவர் ஆத்மா சாந்தியடையட்டும், எப்படித்தான் குடிவைத்தாரோ.

அவர் போனால் ரொட்டிக்கடையையும் சலவைக்கடையையும் வைத்துக்கொண்டு கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது. அடுத்த மனை டயர்க்கடை ப்ரூஸ்டர் வாங்கக் காத்திருக்கிறான். வாங்கினால் புல்லையும் புதரையும் உன் பின்வீட்டையும் சேர்த்து இடித்து, தார் ஊற்றிவிடுவான். ஆகவே இந்த வருடம் ஏப்ரல் வரை வெயில் காயாமல் பிப்ரவரி நடுவிலேயே வந்து சேர். மார்ச் முடிவதற்குள் அந்த மனிதர் வாயடைத்துப் போகும்படி இடம் இருக்க வேண்டும்.

செபமாலை சொல்கிறாயா? சொல்லமாட்டாய்.

உன் அண்ணி,
பெர்னடீன் லுக்கேட்டிச்

யூமா, அரிசோனா
25 ஜனவரி

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம். நல்ல வெயில். பக்கத்து டிரெய்லர் வீட்ல வில்மான்னு ஒருத்தங்க இருக்காங்க, பீன்ஸ் சூப் தராங்க. டாக்டர் சொல்றதும் சரிதானே. இந்த வருஷம் கம்பெனிக்காரங்களையே வெச்சுக்கோங்க.

கிளெமென்ட்

அபர்டீன்
2 பிப்ரவரி

அன்புள்ள கிளெமென்ட்,

முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை. உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்வது கடிதங்களுக்கு அவமானம். தடித்த மைப்பேனாவால், பேச்சுவழக்கில், ஒரு தாளுக்கு நான்கு வரி. தேர்தல் சுவரொட்டி எழுதப் பழகுகிறாயா? எப்போது வருகிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. சூப்பைப் பற்றி மட்டும் இருக்கிறது.

நீ சொன்னாயே என்று ஒரு கம்பெனிக்காரனை வரவழைத்துப் பார்த்தேன். பளபளக்கும் காலணியுடன் நேராகப் புல்லின் நடுவில் போய் நின்றுகொண்டு, "வசந்தத்துக்கு உங்க வளாகத்த ஜோரா தயார் பண்ணிடலாம் மேடம்" என்றான். பேசப் பேச குதிகால் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது. அவன் போன பிறகு பார்த்தால் இரண்டு குழி, இரண்டிலும் தண்ணீர். இந்த ஊரில் பிப்ரவரிப் புல்லை மிதிப்பவன் ஜூன் வரை தன் சுவட்டைத் தானே பார்க்கலாம் என்பது ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைக்குக்கூடத் தெரியும். மேப்பிள் மரத்தடியில் மரப்பட்டைத் துருவலை எரிமலை போலக் குவித்து வைப்பானாம். தண்டு அழுகாதா என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றான். அவனை அனுப்பிவிட்டேன்.

ஆகவே நீதான் வர வேண்டும். வரும்வரை நான் செய்ய வேண்டியதற்கு நான்கு கேள்வி. பாசிக்குப் போடும் மருந்து எங்கே? ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூத்தலைகளை இப்போதே வெட்டலாமா, மார்ச் வரை விடவா? வடிகால் மூடியைத் திறக்கும் கம்பி எங்கே? ஆற்றில் கடல் ஏறும் நேரத்தில் மழையும் வலுத்தால் அந்த வடிகால் தண்ணீரை எதிர்த்துத் துப்புகிறதே, இலைகளை எந்த நேரம் பார்த்து அள்ளுவாய்?

பிறகு அந்த வில்மா. ஊர் பேர் தெரியாத ஆண்பிள்ளைக்குச் சூப் தூக்கிக்கொண்டு போகும் பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவள் கத்தோலிக்கப் பெண்ணாக இருக்கமாட்டாள் என்று மட்டும் ஊகிக்கிறேன். தலைமுடிக்குச் சாயம் பூசுவாள் என்றும் ஊகிக்கிறேன். நான் ஊகித்துத் தவறியதில்லை.

உன் அண்ணி,
பெர்னடீன்

யூமா
13 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம். உங்க முட்டிக்குச் சூடா ஒத்தடம் கொடுங்க. பாசி மருந்து கொட்டகையில, நீல மூட்டை. மழை விட்ட மத்தியானமா பாத்து தூவுங்க. ரோஜாவ எப்பவும்போல ஜனாதிபதிகள் தினத்துக்கு வெட்டிடுங்க. வரணும்னுதான் பாக்கறேன். முடிஞ்சா சொல்றேன்.

கிளெமென்ட்

அபர்டீன்
27 பிப்ரவரி

கிளெமென்ட்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நான்கு கேள்வி கேட்டேன், ஒன்றுக்குப் பதில் எழுதினாய். கன்னியர் மடத்துப் பள்ளியில் இதற்கு சிஸ்டர் ரெஜினால்டா உன்னை முட்டி போட வைத்திருப்பார். போகட்டும். அந்த ஒரு பதிலாவது முழுப் பதிலா?

ஜனாதிபதிகள் தினத்தன்று, பத்தொன்பதாம் தேதி, மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ரோஜாக்களை நானே வெட்டினேன். மறுநாள் மதியம் மழை விட்டது. நீல மூட்டையைப் பிரித்து, தூவும் வண்டியில் நிரப்பி, வாசல் புல்வெளி முழுவதும் நானே தள்ளிக்கொண்டு போனேன். அடுப்பங்கரையில் உப்புப் போடுவதைவிடக் கவனமாகப் போட்டேன். சலவைக்கடைக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று இன்னும் நிமிர்ந்து தள்ளினேன். அன்றிரவு மழை.

காலையில் பாசி கறுத்திருந்தது. அதுவரை சரி. ஆனால் மருத்துவமனை வாசல் சிமெண்ட் நடைபாதை முழுவதும், தெருவிலிருந்து கதவு வரை, ஆரஞ்சு நிறம். பழைய கப்பலின் அடிப்பாகம் போலத் துருக்கறை. மருந்து இரும்பாம்! சிமெண்டில் விழுந்த பொடியை மழைக்கு முன் கூட்டித் தள்ளியிருக்க வேண்டுமாம். மூட்டையின் பின்பக்கம் போட்டிருக்கிறது என்று ரொட்டிக்கடைக்காரர் காட்டினார். மூட்டையின் பின்பக்கத்தை யார் படிப்பார்கள்? உன் கடிதத்தில் இருந்திருந்தால் படித்திருப்பேன். ஒவ்வொரு வருடமும் நீ கூட்டித் தள்ளியிருப்பாய், கை தானாகச் செய்த வேலை, அதனால் எழுதத் தோன்றவில்லை. அல்லது அந்தச் சூப் மூளைக்கு ஏறிவிட்டது.

எலுமிச்சை, வினிகர், சோடா உப்பு, மூன்றும் போட்டுத் தேய்த்தேன். இப்போது கறையும் இருக்கிறது, வினிகர் நாற்றமும் இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து போட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ப்ரூஸ்டர் மட்டும் வேலியோரம் நின்று, "என்ன மேடம், நடைபாதைக்குப் பெயிண்டா? கலர் நல்லாருக்கு" என்றான்.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கிறது. வெயில் காய்ந்துகொண்டு "முடிஞ்சா சொல்றேன்" என்று எழுதுகிறாய். லாரன்ஸ் அந்தப் பின்வீட்டை உனக்கு ஏன் கொடுத்தார்? இந்த இடத்தைப் பார்த்துக்கொள்வதற்காக. வேலை செய்யாதவனுக்குப் பின்வீடு எதற்கு? யோசித்துப் பதில் எழுது.

பெர்னடீன்

அபர்டீன்
12 மார்ச்

அன்புள்ள கிளெமென்ட்,

நலமா? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. தெரிய வேண்டும் என்றே கேட்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. யூமாவில் தபால்காரர்களும் வெயில் காயப் போய்விட்டார்களா?

வடிகால் மூடிக் கம்பியைக் கண்டுபிடித்துவிட்டேன். நீ அதை வடிகாலுக்கு நேர் மேலே சுவரில் மாட்டி வைத்திருக்கிறாய். இவ்வளவு எளிதான இடத்தில் யார் தேடுவார்கள்? சனிக்கிழமை கடல் ஏற்றமும் மழையும் ஒன்றாக வந்து, கார் நிறுத்துமிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். கவைக்கம்பால் இலை அள்ளிக்கொண்டு நின்றேன். டாக்டர் தன் கோட்டோடு வெளியே வந்து கவைக்கம்பைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க உள்ள போங்க, உங்களுக்கும் வயசாச்சு" என்றார். "உங்களுக்கும்" என்றால்? வேறு யாருக்கு வயதாகிறது என்று கேட்டேன். அவர் இலையைத்தான் அள்ளினார்.

தொலைபேசியை எடுத்தேன். சாவுச் செய்திக்குத் தவிர வெளியூருக்குப் பேசக்கூடாது என்பது என் வழக்கம், உனக்குத் தெரியும். எண்ணைச் சுழற்றாமல் வைத்துவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது. தடித்த பேனாவானாலும் சரி.

உன் அண்ணி,
பெர்னடீன்

யூமா
17 மார்ச்

மதிப்புக்குரிய திருமதி லுக்கேட்டிச் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலம் என்று உங்கள் கடிதங்களிலிருந்தே தெரிகிறது. உடம்பு முடியாதவர்களுக்கு இவ்வளவு கோபம் வராது. என் பெயர் வில்மா கெஸ்லர். சூப் பெண் என்றால் புரியும். ஊர் மொன்டானா. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நான் லூத்தரன். தலைமுடிக்குச் சாயமும் பூசுகிறேன். இரண்டையும் சரியாகவே ஊகித்திருந்தீர்கள்.

நீங்கள் எழுதியது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். ஜனவரியிலிருந்து உங்கள் கடிதங்களைக் கிளெமென்டுக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன். அவருக்குப் படிக்க முடிவதில்லை. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் தெரியும். ஒருவரை நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி இருக்கிறதாம். உங்கள் ஊர் டாக்டர் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டாராம்: இனி திரும்பாது, வண்டி ஓட்டக்கூடாது, புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடக்கூடாது. உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அந்த டாக்டரிடம் இவர் வாக்கு வாங்கியிருக்கிறார். மிசஸ் நீமி விழுந்த இடத்துப் பாசியை அக்டோபரில் சுரண்டிவிட்டதாகத்தான் நினைத்திருந்தார். மிச்சம் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

பதில்களை அவரே எழுதுகிறார், பெரிய எழுத்தில், கையைத் தடவித் தடவி. நான்கு வரிக்குமேல் கோடு எங்கே போகிறதென்று தெரியாமல் போகிறது. நான்கு கேள்விக்கும் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தார்.

என்னைப் பற்றி நீங்கள் எழுதியதை விடாமல் படித்தேன். பேருந்தில் பிள்ளைகள் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பிப்ரவரி இருபத்தேழாம் தேதிக் கடிதத்தின் கடைசி வரிகளை விட்டுவிடலாமா என்று நினைத்து நிறுத்தினேன். "என்ன நின்னுட்ட, வில்மா? அண்ணி அங்கதான் ஏதோ முக்கியமா எழுதிருப்பாங்க. படி" என்றார். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். "அண்ணி சொல்றது நியாயம்தான்" என்றார். அதற்குப் பிறகு உங்கள் ஊரைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்குமுன் வேறு எதையும் பேசமாட்டார்.

இதை எழுதியது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கோபிப்பார். உங்கள் குடும்பத்துக் கோபம் எனக்குப் பழகிவிட்டது.

தங்கள்,
வில்மா கெஸ்லர்

அபர்டீன்
21 மார்ச்

திருமதி கெஸ்லர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருக்க விழைகிறேன். தங்களைப் பற்றி நான் எழுதியவை தங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. அதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் இல்லை.

இன்று காலை டாக்டர் ஹால்வர்சனிடம் சோதனைக்கு நேரம் வாங்கிக்கொண்டு போனேன். இருட்டறையில் என் மோவாயைக் கருவியில் வைக்கச் சொன்னார். வைத்துக்கொண்டே, என் கொழுந்தனார் கண்ணைப் பற்றிக் கேட்டேன். "அடுத்தவங்க கண்ணப் பத்தி நான் பேசமாட்டேன், மிசஸ் லுக்கேட்டிச். உங்க கண்ணப் பத்திக் கேளுங்க" என்றார். சரி, என் கண்ணுக்கு என்ன குறை என்றேன். விளக்கைப் போட்டார். "குறையே இல்ல. இந்த வயசுக்கு அபாரமா தெரியுது. அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மாதமாக அந்த மனிதரை நான் திட்டாத நாளில்லை. கிளெமென்டின் கையில் அந்த இயந்திரம் திரும்பப் போகக்கூடாது என்பதற்காகத்தான் கம்பெனி வேண்டும் என்று நின்றிருக்கிறார். அவரால் சொல்ல முடியாது, இவன் சொல்லமாட்டான்.

கிளெமென்டிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் எழுதுகிறேன். எழுதச் சற்று நாளாகும்.

பெர்னடீன் லுக்கேட்டிச்

யூமா
22 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம். நீங்க நல்லா இருக்கணும். ரொம்ப யோசிச்சேன். நீங்க கேட்டது சரி. நான் இனிமே அங்க வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. பின்வீட்டுச் சாவி இதுக்குள்ள இருக்கு. வேலைக்கு வரவங்களுக்கு உதவும். என் சாமான்லாம் யாருக்காவது குடுத்துடுங்க.

கிளெமென்ட்

அபர்டீன்
3 ஏப்ரல்

அன்புள்ள கிளெமென்ட்,

அன்புள்ள வில்மா அவர்களே,

இருவரும் நலம்தானே? வில்மா அவர்களே, இதை அவனுக்கு நீங்கள்தான் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆகவே பெரிய எழுத்தில் எழுதவில்லை. நிதானமாகப் படியுங்கள். அவன் குறுக்கே பேசினால் நிறுத்த வேண்டாம்.

டாக்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டடம் நம்முடையதாகவே இருக்கும். ப்ரூஸ்டர் வேலிப் பக்கம் வருவதில்லை. வேறொரு கம்பெனியை வைத்துவிட்டேன். வாராவாரம் ஒரு வேனில் மூன்று பேர் வருகிறார்கள். நடைபாதைக் கறைக்கு ஏதோ அமிலம் போட்டு அலசினார்கள். போய்விட்டது, கதவோரம் மட்டும் இலேசாக மஞ்சள் தெரிகிறது. உனக்கு அது தெரியாது என்பதால் சொல்கிறேன்.

ஆம், எனக்குத் தெரியும். வில்மா அவர்கள்மேல் கோபப்படாதே. உன்மேல் நான் படும் கோபமே இந்தக் குடும்பத்துக்குப் போதும். பார்வை போவதை அண்ணியிடம் மறைத்துக்கொண்டு பாலைவனத்தில் போய் ஒளிந்துகொள்ளும் ஒரு மனிதனை நான் கேள்விப்பட்டதில்லை. நான் என்ன செய்துவிடுவேன் என்று நினைத்தாய்? பிப்ரவரியில் ஒன்று செய்தேன்தான். ஆகவே, வில்மா அவர்களே, இருபத்தேழாம் தேதிக் கடிதத்தை எடுங்கள். பின்வீட்டைப் பற்றிய வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அழுத்தி அடியுங்கள், தாள் கிழிந்தாலும் பரவாயில்லை. அடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்க வேண்டும்.

அடித்தாயிற்றா? நல்லது.

இனி இடத்தைப் பற்றி. டாஃபோடில் பூத்து முடிந்துவிட்டது. மருத்துவமனை ஜன்னலுக்குக் கீழே உள்ள ரோடோடென்ட்ரான் செடிதான் முதலில் பூத்தது, சிவப்பு. மற்றவை இன்னும் மொக்கு, விரல் நுனி அளவு. பாசி இருந்த இடத்தில் புது விதை முளைத்து, குழந்தையின் தலைமுடி போல இருக்கிறது. இன்னும் யாரையும் மிதிக்கவிடவில்லை. ஹைட்ரேஞ்சியாவைப் பாதிவரை வெட்ட வந்தார்கள். மொட்டு இருக்கும் கணு எதுவென்று தெரியாமல் கத்தரியைத் தூக்கக்கூடாது என்று சொல்லித் தடுத்தேன். "சரி பாட்டி" என்றான் ஒருவன். பாட்டியாம்.

ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். அதுதான் எரிச்சல். ஆனால் வடிகாலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்யும்போது அது சரியாக இறங்குகிறதா, அடைபடுகிறதா என்று படுக்கையில் இருந்தபடியே சத்தத்தை வைத்துச் சொல்வாயே. அவர்களிடம் கேட்டால் மூடியைத் திறந்து டார்ச் அடிக்கிறார்கள். எனக்கு அது ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனி மேலாளர் வந்தான். பின்வீடு பூட்டியே கிடக்கிறதே, இயந்திரங்களை அங்கே வைத்துக்கொள்ளலாமா, மாதம் இவ்வளவு தருகிறோம் என்றான். சாவி அப்போது என் கோட்டுப் பையில்தான் இருந்தது, நீ அனுப்பி முந்தைய வாரம் வந்தது. அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொன்னேன். யாரையும் பார்க்கவில்லையே என்றான். ஊருக்குப் போயிருக்கிறார், இந்த மாதம் வந்துவிடுவார் என்றேன். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டான்.

வேலை ஒன்றும் செய்யமாட்டார், அவர் என் கொழுந்தனார் என்றேன்.

வில்மா அவர்களே, பஸ்ஸில் அவனைத் தனியாக அனுப்ப வேண்டாம். தாங்களும் கூட வாருங்கள். என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. இங்கே லூத்தரன் கோயில்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. சூப்பை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். சாவி விழும். அதை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுங்கள். அவன் ஏதாவது சொல்வான். என்ன சொன்னாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள். நான் திருத்தமாட்டேன்.

இருவருக்கும் என் அன்பு.

பெர்னடீன்